வெள்ளரியை எந்தப் பருவத்தில் பறிப்பது?

கேள்வி: தொட்டியில் வளர்த்த வெள்ளரிக்கொடி நன்றாகக் காய்த்தது. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று முதல் காய்களைக் கொடியிலேயே விட்டுவைத்தேன். அவை மஞ்சளாகி, விதை முற்றிவிட்டன; அதன் பிறகு புதிதாகப் பிஞ்சே பிடிக்கவில்லை. பறிக்கும் பருவத்தை எப்படி அறிவது?

பதில்: காய் முற்றியதும் கொடி காய்ப்பை நிறுத்தியதும் தனித்தனிச் செய்திகள் அல்ல, முன்னதே பின்னதற்குக் காரணம். தக்காளியைப் போல வெள்ளரியைப் பழுக்கவிட்டு நாம் உண்பதில்லை. விதை முற்றுவதற்கு முன், இளம்பருவத்திலேயே பறித்துவிடுகிறோம். கொடிக்கோ விதையை முற்றவைப்பதுதான் வேலை. ஒரு காயில் விதை முற்றத் தொடங்கியதும் தன் உணவின் பெரும்பகுதியை அந்தக் காய்க்கே அது திருப்பிவிடுவதால், அடுத்து வரும் பிஞ்சுகள் வாடி உதிர்கின்றன. எனவே, உண்ண உதவாது என்றாலும் அந்த முற்றிய காய்களை இன்றே அறுத்து அகற்றிவிடுங்கள். கொடி இன்னும் பசுமையாக இருந்தால் மறுபடி பிஞ்சு பிடிக்க வாய்ப்புண்டு.

விதைத்ததிலிருந்து 50 முதல் 70 நாள்களில் முதல் பறிப்பு வரும் என்பது பொதுவான கணக்கு. அதைவிடப் பெண் பூவைக் கவனிப்பதே நம்பகமான வழி என்பேன். ஆண் பூவின் அடியில் வெறும் காம்புதான் இருக்கும். பெண் பூவின் அடியில் விரல்நுனி அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூ மலர்ந்த நாளிலிருந்து, வெப்பமான பருவமாக இருந்தால், ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களில் காய் பறிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

அளவு, இரகத்தைப் பொறுத்தது. நறுக்கி உண்ணும் இரகங்களை 15 முதல் 20 சென்டிமீட்டரிலும், ஊறுகாய்க்கான குட்டை இரகங்களை 5 முதல் 10 சென்டிமீட்டரிலும் பறிக்கலாம். மெல்லிய தோலுள்ள, விதையற்ற நீள இரகங்கள் 30 சென்டிமீட்டரைத் தாண்டியும் இளசாகவே இருக்கும். நீளம் வளர்ந்தபின் நடுப்பகுதி உப்பத் தொடங்கினால், உள்ளே விதை பெருக்கிறது என்று பொருள்; பூ இருந்த நுனி வெளுத்து மஞ்சள் ஏறத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். தரையில் படிந்திருந்த பக்கம் மட்டும் வெளிறியிருப்பது வெயில் படாததால் வருவது, முற்றலின் அடையாளம் அன்று. எலுமிச்சை வடிவ உருண்டை இரகம் இதற்கு ஒரு விதிவிலக்கு. அது வெளிர்மஞ்சளாகும்போதுதான் பறிக்கத் தக்கது.

இவ்வளவு தெரிந்திருந்தும் காய் முற்றிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அது நம் கண்ணில் படாமல் போவதுதான். இலையும் காயும் ஒரே நிறம். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. காய்ப்புக் காலத்தில் நாள்தோறும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாளாவது, இலைகளை விலக்கிக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பறிக்கலாமா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால் பறித்துவிடுவதே என் வழக்கம். சற்று முன்னதாகப் பறித்த பிஞ்சு வீணாவதில்லை.

கேள்வி: காயைப் பிடித்து இழுத்தபோது கொடியே அடியோடு பெயர்ந்துவிட்டது. எப்படிப் பறிப்பது சரி?

பதில்: வெள்ளரியின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுபவை, தண்டும் எளிதில் நசுங்கக்கூடியது. ஒரு கையால் காயைத் தாங்கிக்கொண்டு, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை காம்பு காயோடு நிற்குமாறு கூரிய கத்தரிக்கோலால் நறுக்குங்கள். காம்பு பிய்ந்த இடத்தில் காய் விரைவில் அழுகும். வெயில் ஏறுமுன் காய் நீர்ப்பிடிப்போடு மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால் காலையே ஏற்ற நேரம். ஆயினும், ஈரமான இலைகளுக்கிடையே கை புகுந்தால் நோய் பரவக்கூடும் என்பதால், பனி உலரும்வரை பொறுங்கள்.

கேள்வி: பறித்த காய்கள் குளிர்சாதனப் பெட்டியில் சில நாள்களிலேயே கொழகொழத்துவிடுகின்றன. ஏன்?

பதில்: வெள்ளரிக்கு அந்தக் குளிர் மிகுதி. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அதற்கு ஏற்றது. அதற்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழிகளும் நீர்கோத்த திட்டுகளும் தோன்றும். கழுவாமல், துணியிலோ தாளிலோ சுற்றி, குளிர் குறைந்த தட்டில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பழுத்த வாழை, ஆப்பிள், தக்காளி ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். அவை வெளிவிடும் எத்திலீன் வாயு காயை மஞ்சளாக்கிவிடும்.

கேள்வி: தவறவிட்டு முற்றிப்போன காயிலிருந்து விதை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், கலப்பின விதையிலிருந்து வந்த கொடியாக இல்லாவிட்டால். கலப்பினமாயின் அடுத்த தலைமுறை தாய்க்கொடியைப் போல அமையாது. அருகில் வேறு வெள்ளரி இரகம் பூத்திருந்தாலும் கலப்பு நேர்ந்திருக்கலாம். விதைக்கு மஞ்சளானது மட்டும் போதாது; காய் நன்கு பழுத்து மென்மையாகும்வரை கொடியில் நிற்க வேண்டும். அதற்கென ஒரு காயை ஒதுக்குவதாக இருந்தால், உண்பதற்கான பறிப்பெல்லாம் முடியும் தறுவாயில் ஒதுக்குங்கள்.