நாற்பது வயதுக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினால் நினைவாற்றல் ஒத்துழைக்குமா?

நீண்ட இடைவெளிக்குப் பின் பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்களைத் தயங்கவைக்கும் கேள்வி இதுதான். உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் இளமைக்குப் பின் மெல்லக் குறைகிறது, சொல்வளமும் பொது அறிவும் அனுபவத்தால் திரண்ட புரிதலுமோ நடுவயதைத் தாண்டியும் வளரக்கூடியவை. ஆகவே, சூத்திரங்களை மனப்பாடம் செய்வதில் சற்றுப் பின்தங்கும் ஒருவர், சட்டம், மேலாண்மை போன்ற பாடங்களில் ஒரு கோட்பாட்டைப் படித்தவுடனேயே அதைத் தாம் பணியில் கண்ட நிகழ்வோடு பொருத்திப் பார்க்க முடிவதால், விவாதங்களிலும் கட்டுரைகளிலும் இளையவர்களை முந்திவிடுவதும் உண்டு.

என் கணிப்பில், உண்மையான தட்டுப்பாடு நேரம்தான். படிப்புக்கான உழைப்பை மதிப்பலகுகளாக (credits) அளக்கும் ஐரோப்பிய முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு தேவைப்படுகிறது. அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பரப்பினாலும், வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஒதுக்கியாக வேண்டும். (சேர்க்கை விளம்பரங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.) அந்த நேரத்தை விடுமுறை நாளில் மொத்தமாகக் குவிக்காமல் பல நாட்களுக்குப் பிரித்து, புத்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்ப்பதே பலன் தரும், இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே பதிவுசெய்துவிட்டார். சேரும்முன், பழைய படிப்பில் பெற்ற மதிப்பலகுகளைக் கணக்கில்கொண்டு சில பாடங்களிலிருந்து விலக்கு கிடைக்குமா என்பதையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.