63ஆம் ரவுண்டில் ஏன் தோற்கிறோம்?

கேள்வி: அண்ணா, எனக்கு குலசேகரம் பக்கம். மழைக்கு ரப்பர் பால்வெட்டு இல்லாத நாட்களில் போனில் ப்ளூன்ஸ் டிடி 6 விளையாடுவேன், பாதையில் வரும் பலூன்களைக் குரங்குகளை வைத்து உடைக்கிற கேம். ஹார்டு மோடில் 62 வரை அலுங்காமல் போகிறது, 63இல் மொத்தமும் போய்விடும். மேப் முழுக்கக் குரங்குகளை வைத்துப் பார்த்துவிட்டேன். காசை இரட்டிப்பாக்கும் டபுள் கேஷ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மக்கா, நிறைய குரங்கு வைத்ததுதான் வினை.

63இல் ஈயப் பலூனும் கெட்டி ஓடுள்ள செராமிக் பலூனும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கூர்மையான ஆயுதம் எதுவும் ஈயத்தைத் தொடாது. ஒரு செராமிக்கின் ஓட்டை உடைக்கவே 10 அடி வேண்டும், உடைந்தால் உள்ளே ரெயின்போ பலூன், அதற்குள் ஜீப்ரா பலூன். குண்டு வீசும் பாம் ஷூட்டரை மட்டும் நம்பினால் அந்த ஜீப்ரா தப்பிவிடும், அதற்கு வெடி ஏறாது. அப்கிரேடு இல்லாத டார்ட் குரங்குகள் எத்தனை நின்றாலும் இங்கே வேடிக்கைதான் பார்க்கும்.

அப்புறம் காசுக் கணக்கு. 50ஆம் ரவுண்டு வரை பலூன் உடைத்தால் முழுக் காசு. 51 முதல் பாதிதான். 61இலிருந்து ஐந்தில் ஒரு பங்கு. அதனால் 60 தாண்டிச் சேர்த்துப் பெரிய அப்கிரேடு வாங்கலாம் என்பது நடக்காது. 63க்கான ஆயுதம் 50க்குள்ளேயே பாதியாவது தயாராக இருக்க வேண்டும். விற்று மாற்றிக்கொள்ளலாம் என்றால் 70 சதவீதம்தான் திரும்பி வரும். கண்டபடி வைத்து விற்பவர்களுக்கு அங்கேயே காசு கரைகிறது.

நான் சொல்வது சுற்றிலும் ஆணி தெறிக்கும் டேக் ஷூட்டரும், மற்ற குரங்குகளுக்கு மருந்து கொடுக்கும் ஆல்கெமிஸ்டும். டேக் ஷூட்டருக்கு எட்டும் தூரம் குறைவு. அதனால் பாதை வளைந்து திரும்பும் இடத்தில், இருபுறமும் பலூன் கடக்கும்படி வையுங்கள். பேருந்து போகும்போதும் திரும்பும்போதும் நிற்கிற முக்கில் டீக்கடை போடுவது மாதிரி. அதன் அப்கிரேடுகள் மேல், நடு, கீழ் என மூன்று பாதையாக இருக்கும், அதில் கீழ்ப் பாதையில் நாலாவது அப்கிரேடான ஓவர்டிரைவ் வரை கொண்டுபோங்கள். பக்கத்தில் ஆல்கெமிஸ்டை வைத்து மேல் பாதையை ஏற்றுங்கள். இரண்டாவது அப்கிரேடிலேயே அவர் பூசும் அமிலத்தால் டேக் ஷூட்டர் ஈயத்தையும் உடைக்கும். மூன்றும் நாலும் வேகத்தையும் பலத்தையும் கூட்டும். ஆனால் ஆல்கெமிஸ்ட் எட்டும் தூரத்தில் வேறு குரங்குகளைக் குவிக்காதீர்கள். அவர் மருந்தை எல்லோருக்கும் பங்கு போட்டுவிடுவார், வேண்டியவனுக்குக் கிடைக்காது.

பலூன் வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில், பாதையில் முள் போடும் ஸ்பைக் ஃபேக்டரி ஒன்று. மேல் பாதையில் இரண்டாவது அப்கிரேடு வாங்கினால் அதன் முள் ஈயத்தையும் குத்தும். மேலே தப்பி வருவதை இது அள்ளும்.

24இல் சாதாரணக் குரங்குகள் கண்ணுக்குப் படாத காமோ பலூன் வந்துவிடும், அதைப் பார்க்க நிஞ்சா குரங்கு ஒன்றோ, நடுப் பாதையில் இரண்டு அப்கிரேடு செய்த மங்கி வில்லேஜோ போதும். 40இல் மோப், 60இல் அதைவிடப் பெரிய பிஎஃப்பி எனும் ராட்சதப் பலூன்கள். இவை 62 வரை போகிற உங்களுக்குத் தெரிந்ததே.

ஹீரோ எனும் சிறப்புக் குரங்கைச் சீக்கிரமே இறக்குங்கள். குவின்சி போன்றவர்கள் ரவுண்டுகள் போகப் போகத் தானே லெவல் ஏறுவார்கள். தாமதமாக வைத்தால் கூலிக்கு ஆள் பிடித்த மாதிரிதான். காசு தரும் பனானா ஃபார்ம் வைத்தால் பழத்தை விரலால் எடுக்க வேண்டும், விட்டால் அழுகிப்போகும். ஒரு கையில் சாயா கிளாஸோடு விளையாடுபவர் ஃபார்மின் கீழ்ப் பாதையில் மூன்றாவது அப்கிரேடு வாங்கினால் காசு தானாக வந்துவிடும்.

இன்னொன்று, அடுத்த ரவுண்டைத் தானே தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டை 62 முடியும் முன் அணைத்துவிடுங்கள். நிதானமாகக் காசைப் பார்த்து, கையிலிருப்பதை டேக் ஷூட்டரிலோ ஆல்கெமிஸ்டிலோ போட்டுவிட்டு அப்புறம் பச்சைப் பொத்தானைத் தொடலாம்.

டபுள் கேஷ் இப்போது வேண்டாம். இரட்டைக் காசு வந்தால் இரட்டிப்பாக டார்ட் குரங்கு வாங்குவீர்கள், அவ்வளவுதான். ஹார்டின் கடைசி ரவுண்டான 80ஐ ஒரு தடவை சொந்தமாகத் தாண்டியபின் ஆசையிருந்தால் யோசியுங்கள்.