அயர்லாந்தில் பத்து நாள்: கடன் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அயர்லாந்து மக்களின் இசையையும் அன்றாட வாழ்க்கையையும் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அதற்கென 5 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். பயண முகவர் ஒருவர் டப்ளின், கில்லார்னி, கால்வே, பெல்ஃபாஸ்ட் என எட்டு நாள் சுற்றுலாவுக்கு இருவருக்கும் சேர்த்து 7.5 லட்சம் கேட்கிறார். மீதி 2.5 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? எங்கள் இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை.
- வாசகர், திருச்சி

பதில்: வாங்காதீர்கள். 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 8,540 ரூபாய். வட்டி மட்டும் 57,000 ரூபாயைத் தாண்டும். ஓய்வூதியத்திலிருந்து 36 மாதம் இதைக் கட்டுவது உங்களுக்குத் தேவையில்லாத சுமை. இன்னொரு சிக்கலும் உண்டு. அயர்லாந்து விசாவுக்கு ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் அதற்கு விளக்கம் தர வேண்டும்.

கடனைவிட என்னை உறுத்துவது அந்தப் பயணத் திட்டம்தான். எட்டு நாளில் நான்கு ஊர் என்றால் பாதி நேரம் பஸ் ஜன்னலோரத்தில் போய்விடும். நீங்கள் கேட்பது மக்களின் வாழ்க்கையை. அதற்கு ஒரு சிற்றூரில் ஒரு வாரம் தங்க வேண்டும். அதுவே செலவையும் குறைக்கும்.

நான் சொல்லும் ஊர் கிளேர் மாவட்டத்தின் எனிஸ். ஐரிஷ் மரபிசைக்குப் பெயர்பெற்ற பகுதி அது. மாலையில் பப்பின் ஒரு மூலையில் பிடிலும் புல்லாங்குழலும் ஏந்தி நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். இதை அங்கே 'செஷன்' என்கிறார்கள். பெரும்பாலும் டிக்கெட் இல்லை. மது அருந்தாதவர்களும் தயங்காமல் போகலாம். குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போகும் இடம் அது. ஒரு கோப்பை தேநீரோ குளிர்பானமோ வாங்கிக்கொண்டு, வாசிப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒன்று வாங்கித் தந்தால் அடுத்த சுற்றை நீங்கள் வாங்கித் தருவதுதான் அங்கே முறை. அதற்கும் பணம் ஒதுக்குங்கள். உரையாடல் தொடங்குவதே பெரும்பாலும் அப்படித்தான்.

கிளேர் மக்களிடம் பேச்சைத் தொடங்க ஹர்லிங் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாலே போதும். மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் பழமையான ஆட்டம் இது. 2024இல் அகில அயர்லாந்துக் கோப்பையை கிளேர் அணிதான் வென்றது, அதுவும் இறுதி ஆட்டத்தில் கார்க் அணியைக் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் வீழ்த்தி! உள்ளூர் கிளப் ஆட்டம் நடந்தால் போய்ப் பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு யூரோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் மதிப்பீட்டில் இருவருக்கும் விமானம் 1.7 லட்சம், டப்ளினில் மூன்று இரவு, எனிஸில் ஏழு இரவு தங்க 1.4 லட்சம், உணவு 70,000, உள்ளூர்ப் போக்குவரத்தும் நுழைவுக் கட்டணமும் 40,000, விசா, காப்பீடு 25,000. ஆக 4.45 லட்சம். மீதி 55,000 அவசரத்துக்கு இருக்கட்டும். ஆகஸ்ட் கூட்டத்தையும் மார்ச் 17 புனித பேட்ரிக் நாளையும் தவிர்த்து, மே அல்லது செப்டம்பரில் போனால் இந்தத் தொகைக்குள் முடியும்.

எனிஸில் பி அண்ட் பி விடுதி பாருங்கள். ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறை தந்து காலை உணவும் கொடுக்கும்; வீட்டுக்காரர்களோடு பேசும் வாய்ப்பு ஓட்டலில் கிடைக்காது. அந்தக் காலை உணவு கனமானது. அதில் வரும் 'பிளாக் புட்டிங்' பன்றி ரத்தத்தில் செய்வது. வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மதியத்துக்கு சூப்பும் பழுப்பு ரொட்டியும் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 15 அல்லது 25 சென்ட் முன்பணம் சேரும். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்பப் பெறுங்கள். மோஹர் செங்குத்துப் பாறைகளுக்கு எனிஸிலிருந்தே அரசு பஸ் போகிறது.

டப்ளினில் தேசிய ஓவியக்கூடமும் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகமும் இலவசம். லீப் கார்டு வாங்கினால் 2 யூரோவில் 90 நிமிடம் பஸ், டிராம் மாறி மாறிப் போகலாம். கடையில் அட்டை தேய்க்கும்போது 'ரூபாயிலா, யூரோவிலா' என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் யூரோ என்றே சொல்லுங்கள்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது பணம் கட்டும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். நீங்களே பதிவு செய்து, செலவுக்கு வங்கியின் பாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டால், 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் கூட்டமைப்பில் அயர்லாந்து இல்லை. தனி விசா வேண்டும். பெல்ஃபாஸ்ட் பிரிட்டனைச் சேர்ந்தது, அங்கே பவுண்டு செலாவணி. அதை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டை அதன் பிறகு வாங்குங்கள்.