பாத்திரமும் மர்மமும் சேர்ந்தே வளரும் எபிசோட் எது? என் பதில்: ‘சைலோ’ முதல் சீசன், மூன்றாவது எபிசோட்

கேள்வி இதுதான்: டிஸ்டோபியன் தொடர்களில், அதாவது கெட்டுப்போன எதிர்கால உலகைக் காட்டும் தொடர்களில், மர்மம் நன்றாக இருந்தால் பாத்திரங்கள் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள், பாத்திரங்களை நன்றாக எழுதினால் கதை நகர மறுக்கிறது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்த ஒரு எபிசோடைச் சொல்ல முடியுமா?

எனக்கு உடனே மனதில் வருவது ‘சைலோ’ என்ற ஆங்கிலத் தொடரின் மூன்றாவது எபிசோட்தான். பெயர் ‘மெஷின்ஸ்’. 2023 மே 12இல் அப்பிள் டிவி பிளஸில் வந்தது. கதையைத் திறந்து பேசாமல் இதை விளக்க முடியாது. அதனால் இனிப் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசியுங்கள்.

பின்னணி சுருக்கமாக. சைலோ என்பது நிலத்துக்குக் கீழே 144 மாடி. உள்ளே 10,000 பேர். லிப்ட் கிடையாது, நடுவில் ஒரு பெரிய சுருள் படிக்கட்டு மட்டும்தான். அதை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், யாருக்கும் தெரியாது. பழைய காலத்துப் பொருள் ஒன்றை ஒளித்து வைத்திருப்பதே குற்றம். “எனக்கு வெளியே போகவேண்டும்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவரை அனுப்பியே தீருவார்கள். போகிறவர் வெளியுலகை உள்ளே இருப்பவர்களுக்குக் காட்டும் கமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நாலு அடி நடந்து, எல்லோர் கண் முன்னாலும் விழுந்து செத்துப்போவார். முதல் இரண்டு எபிசோடுகளில், சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் ஷெரிஃப் ஹோல்ஸ்டனும் அவர் மனைவி அலிசனும் இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். போவதற்கு முன் ஹோல்ஸ்டன் தன் இடத்துக்கு ஜூலியட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஜூலியட் யாரென்றால் அடிமட்டத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இன்ஜினியர். ரெபேக்கா ஃபெர்குசன் நடித்திருக்கிறார்.

இவ்வளவு பெரிய முடிச்சைப் போட்ட பிறகு மூன்றாவது எபிசோடில் சாதாரணமாக என்ன செய்வார்கள்? இன்னும் நாலு தடயம், ஒரு ரகசிய அறை, கறுப்பு உடையில் ஒரு ஆள். இங்கே கதை எழுதியவர்கள் நேரத்தின் பெரும்பகுதியை ஒரு பழுதான ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே இந்த எபிசோடை நான் மதிக்கிறேன்.

ஜெனரேட்டர் அதிர்கிறது. இப்படியே விட்டால் ஒருநாள் மொத்தமாகப் போய்விடும் என்று ஜூலியட்டுக்குத் தெரியும். ஆனால் அதை நிறுத்தினால் முழு சைலோவும் இருட்டாகிவிடும் என்பதால் மேலே இருப்பவர்கள் நிறுத்த விடுவதில்லை. மேயர் ஜான்ஸ் வயதான காலத்தில் அத்தனை படியும் இறங்கி, ஷெரிஃப் வேலையை ஏற்கச் சொல்லிக் கேட்க வருகிறார். ஜூலியட் கேட்பது ஒன்றுதான்: இதை நிறுத்தித் திருத்த அனுமதி தாருங்கள்.

பிறகு வருவதுதான் அந்த நீண்ட காட்சி. ஜெனரேட்டரைச் சுற்றவைக்கும் நீராவி பூமிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும், அதை நிறுத்த வழியில்லை. அடைத்து வைக்கலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மேலே ஒரு இளம் பொடியன் கூப்பர் நடுங்கிக்கொண்டே ஜெனரேட்டரின் வளைந்த இறக்கையைச் சரிசெய்கிறான். கீழே அழுத்தம் ஏறி, இரும்பு சூடாகிக்கொண்டு வருகிறது. ஜூலியட் நீராவி அறைக்குள் இறங்கித் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அந்த இரும்பைக் குளிரவைத்துக்கொண்டு நிற்கிறாள். அடித்த தண்ணீர் அவளைச் சுற்றியே நிரம்பத் தொடங்குகிறது. அவளுக்கோ தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயத்தை யாரும் வசனத்தில் விளக்குவதில்லை. முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாத்திர வளர்ச்சி என்றதும் பலர் எதிர்பார்ப்பது அழுகை, பிளாஷ்பேக், மனம் திறந்த ஒரு பேச்சு. இங்கே ஒரு வேலையை எப்படிச் செய்கிறாள் என்பதைக் காட்டியே அவளைச் சொல்லிவிட்டார்கள். சத்தம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கே போய்ப் பார்க்காமல் விடமாட்டாள். மேலால் பூசி மெழுக அவளுக்கு வராது. ஆபத்தான இடத்தில் பொடியனை விடாமல் தானே போய் நிற்பாள். அவளுடைய காதலன் ஜோர்ஜின் சாவைத் தற்கொலை என்று எழுதி மூடிவிட்டார்கள், அவள் அதை நம்பவில்லை. ஜெனரேட்டர் காட்சிக்குப் பிறகு, அவள் அந்தச் சாவையும் இதே மாதிரித்தான் கழற்றிப் பார்ப்பாள் என்று நமக்குப் புரிகிறது. ஷெரிஃப் பேட்ஜ் அவள் சட்டையில் ஏறுமுன்பே அவள் எப்படிப்பட்ட ஷெரிஃப் என்று தெரிந்துவிடுகிறது.

இதை நான் மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் அப்பாவோடு இருந்து பார்த்தேன். அப்பா வாழைச்சேனை கடதாசி ஆலையில் மிசின் திருத்தும் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் ஒன்றில் சந்தேகம் வந்தால் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு இன்றைக்கும் அப்படித்தான். முதல் இரண்டு எபிசோடுகளில் அரைத் தூக்கத்தில் இருந்தவர், ஜெனரேட்டர் அதிரத் தொடங்கியதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். “இந்தப் புள்ளைக்கு வேலை தெரியும் மனே. மிசினை நிப்பாட்டாம உள்ளுக்குப் பார்க்க ஏலா” என்றார். இங்கிலீஷ் வசனத்தை நான் சொல்லச்சொல்லக் கேட்டவர், அந்தக் காட்சியில் ஒன்றுமே கேட்கவில்லை.

ஜெனரேட்டர் மறுபடி ஓடி வெளிச்சம் வந்ததும் சைலோ முழுக்க ஆரவாரம். இந்த நாட்டில் 2022ஐக் கடந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் கரண்ட் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் கத்துவார்கள். படிக்கட்டில் கைவிளக்கோடு காத்துநின்ற அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது, அதைச் செட் போட்டு எடுத்த காட்சி என்றே என்னால் நினைக்க முடியவில்லை.

சந்தோஷம் ஆறுவதற்குள் மேயர் ஜான்ஸ் இறந்துபோகிறார். இதற்கு முன் அவர் வெறும் அதிகாரியாக இருந்திருந்தால் இது ஒரு திருப்பம், அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் படிக்கட்டுப் பயணம் முழுக்க அவரும் துணை ஷெரிஃப் மார்ன்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததை, பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த அன்பு மெதுவாக வெளியே வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் அந்தச் சாவு மனதைப் பிடித்துக்கொள்கிறது. அப்பா சொன்னார்: “அந்த மனிசி சும்மா சாகல்ல, ஆரோ சாக்காட்டிப் போட்டாங்க. மறுகா இந்தப் புள்ளையையும் விடமாட்டாங்க.” சைலோவை யார் கட்டினார்கள் என்பதில் துளியும் அக்கறையில்லாமல் இருந்த மனிதர் அவர். அடுத்த எபிசோடையும் அன்றைக்கே போடச் சொன்னார். ஜூலியட் மீது மரியாதை வந்ததும் அவள் தேடுகிற கேள்வி அவருடைய கேள்வியாகிவிட்டது. நீங்கள் கேட்ட ‘இரண்டும் ஒன்றாக’ என்பது எனக்கு இதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆரம்ப எபிசோடுகளில் ஐடி பகுதித் தலைவர் பெர்னார்ட், வெப்பம் தாங்கும் டேப்பை ஜூலியட் திருடிவிட்டாள் என்று முறையிடுவார். அவளை வேண்டாம் என்பதற்கு ஒரு சாக்கு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். கடைசி எபிசோடில் முழுக்கதையும் அந்த டேப்பில் வந்து நிற்கிறது. வெளியே போகிறவர்களின் உடையைச் சுற்றி ஒட்டுவது தரமில்லாத டேப். நல்ல டேப் ஒட்டினால் பிழைக்கலாம். அதை மாற்றிவிடுவது யார் என்று பாருங்கள்: ஜூலியட்டைப் பிள்ளை மாதிரி வளர்த்த மார்த்தா வாக்கர். வருடக்கணக்காகத் தன் பட்டறை வாசலைத் தாண்ட முடியாத பெண். ஜூலியட்டுக்காக அவர் அந்த வாசலைத் தாண்டி, பிரிந்துபோன துணையிடமே போய் உதவி கேட்கிறார். ஒரு பெண் தன் பயத்தைத் தாண்டுவதும் மர்மத்தின் சாவி கிடைப்பதும் ஒரே அடியில் நடக்கிறது. இப்படி எழுதுவது லேசான வேலையில்லை.

தொடர் முழுக்க இந்தத் தரம் இருக்கிறதா என்றால், இல்லை. 2024 நவம்பரில் தொடங்கிய இரண்டாவது சீசனில் ஜூலியட்டை அவளுடைய ஆட்களிடமிருந்து நீண்ட நேரம் பிரித்து வைத்துவிட்டார்கள். அவள் அங்கேயும் எதையாவது திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் அந்த வேலைக்காகக் காத்துநிற்கும் கூட்டம் பக்கத்தில் இல்லை. எனக்கு அது பெரிய குறை. முதல் சீசனின் 10 எபிசோடையும் மட்டும் பார்த்தாலே போதும். முதல் இரண்டும் மெதுவாகப் போகிறது என்று நிறுத்திவிடாதீர்கள், மூன்றாவது வரைக்கும் பொறுங்கள். வீட்டில் மெக்கானிக், வெல்டர், மோட்டார் கட்டுகிறவர் யாராவது இருந்தால் அந்த எபிசோடுக்கு அவரையும் கூப்பிட்டு இருத்துங்கள்.