மொட்டை மாடித் தாமரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர் கொடுத்த வெள்ளைத் தாமரைக் கிழங்கு என் தொட்டியிலும் வெள்ளையாகவே பூத்தது. அதில் விளைந்த விதையைப் போட்டால் ரோஸ் நிறத்தில், இதழ் குறைந்து பூக்கிறது. ஏன்?
– வாசகர், கொளத்தூர்

பதில்: கிழங்கு தாய்ச்செடியின் ஒரு துண்டு. அதன் மரபணு மாறாது. விதை அப்படியல்ல. தாமரை விரியும் முதல் நாளில் பூவின் நடுவே விதை விளையும் பொகுட்டின் மேலிருக்கும் சூல்முடிகள் (மகரந்தத்தை ஏற்கும் முனைகள்) ஈரமாகப் பளபளக்கும். அந்தப் பூவின் மகரந்தம் மறுநாள்தான் உதிரும். அதனால் வண்டும் தேனீயும் பக்கத்து மாடியிலிருந்து கொண்டுவரும் மகரந்தமே பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஒரே செடிக்குள் சேர்ந்தாலும்கூட, உள்ளே மறைந்திருந்த குணங்கள் விதையில் பிரிந்து வெளியே வரும். அதே வெள்ளை வேண்டுமென்றால், நுனிமுளை ஒடியாத, மூன்று கணுவாவது உள்ள கிழங்கையே நடுங்கள்.

அதற்காக விதைச் செடியைத் தூக்கிப் போட வேண்டாம். சீனாவில் தாமரையைக் கிழங்குக்கு, விதைக்கு, பூவுக்கு என மூன்று வழியில் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்த்திருக்கிறார்கள். கிழங்கு ரகத்தை ஆண்டுதோறும் கிழங்கிலிருந்தே நடுவதால், ஒரு வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே செடிதான். ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும். விதை விழுந்து கலந்து முளைக்கிற காட்டுக் குளங்களில்தான் மரபணு வகைகள் தங்கியிருக்கின்றன. ஒரு குளத்தைத் தூர்த்தால் அந்தக் கலப்பும் அதோடு போய்விடும். பிறகு எந்த நர்சரியிலும் அதை வாங்க முடியாது.

நம் ஊர்க் குளத்துத் தாமரை வெப்பமண்டல வகை: கிழங்கு மெலிந்து ஓடும், ஆண்டின் பெரும்பகுதி இலையும் பூவுமாக நிற்கும். சீனா, ஜப்பானின் குளிர்ப் பகுதி ரகங்கள் பகல் குறையும்போது கிழங்கைப் பருக்கவைத்து உறங்கப் போகும். அப்படி வாங்கிய ரகம் மழைக்காலத்தில் இலை காய்ந்து நின்றால், செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். சேறு காயாமல் தண்ணீர் விட்டுவந்தால் போதும்.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தாமரை மணி பத்து நாள் ஊறியும் முளைக்கவில்லை.
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஓட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகவில்லை. அந்த ஓடு அவ்வளவு கெட்டி. ஜப்பானின் சிபா அருகே 1951இல் தோண்டியெடுத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையானதாகக் கணிக்கப்பட்ட விதையே முளைத்துப் பூத்தது. ஒரு முனை சற்றுக் கூராகவும் மறுமுனை குழிந்தும் இருக்கும். குழிந்த முனையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். பருப்பைத் தொட்டால் அழுகும். தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை நீளும். தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தால் அந்த விதை செத்தது. மாலைக்குத் துளை போட்ட மணி, தோலுரித்த பருப்பு இரண்டும் உதவாது.

வேர் விட்டு மூன்று நான்கு இலை வந்ததும், துளையில்லாத ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அரையடிக் களிமண் போட்டு நட்டு, மேலே 3 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தென்னைநார்க் கழிவு வேண்டாம், மிதக்கும். இலை தண்ணீருக்கு மேல் நிமிரும்வரை உரமும் வேண்டாம், வேர் கருகும். கொசுவுக்கு நான்கு கப்பி மீன் விடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நீலத் தாமரை விதை விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். உலகில் தாமரை இனம் இரண்டுதான்: ஆசியாவின் ரோஸ்–வெள்ளை, வட அமெரிக்காவின் மஞ்சள். இரண்டையும் கலந்து வெளிர்மஞ்சள் ரகங்கள் வந்திருக்கின்றன, நீலம் வரவில்லை. நீலமாகப் பூப்பது அல்லி வகை. அல்லி தாமரைக்குப் பங்காளிகூட இல்லை. பரிணாம வரிசையில் தாமரைக்கு நெருங்கியது, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். ‘தாமரை விதை’ என்று கடையில் விற்கும் மக்கானா பொரியும் அல்லிக் குடும்பத்து முள்செடி ஒன்றின் விதைதான்.

கேள்வி: இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. போர் தண்ணீர் ஊற்றுகிறோம்.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கடலோரப் போர் தண்ணீரின் உப்புதான் காரணமாக இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறையக் குறைய அதே தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். பாதியை இறைத்துவிட்டு மழைநீரோ, ஒருநாள் திறந்து வைத்த குடிநீரோ ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவுநீர் கூடவே கூடாது, அதில் உப்பு இன்னும் அதிகம். கருகிய இலையை வெட்டும்போது தண்ணீருக்கு மேலே காம்பை விட்டு வெட்டுங்கள். மூழ்கி வெட்டினால் காம்பின் காற்றுக்குழல் வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகும்.