கசின் தீவுக்குப் பாய்ப்படகில் போகலாம், கரையேறுவதற்கு வேறு படகு வேண்டும்

கேள்வி: சீஷெல்ஸில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு கேட்டமரானை (இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு) வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டப்போகிறோம். ஒருவரிடம் பாய்ப்படகு ஓட்டும் சான்றிதழ் இருக்கிறது. கசின் தீவுக்கு அருகே நங்கூரமிட்டு இரவு தங்கி, விடிந்ததும் எங்கள் ரப்பர் படகில் இறங்கிக் கடற்பறவைகளைப் பார்க்கலாமா? எந்த மாதம் போவது நல்லது?

பதில்: உங்கள் கேட்டமரானும் சரி, அதன் ரப்பர் படகும் சரி, கசின் கரையைத் தொடக் கூடாது. படகைத் தள்ளி நிறுத்திக் காத்திருந்தால், தீவின் காவலர்கள் தங்கள் படகில் வந்து உங்களை அழைத்துப் போவார்கள். வார நாட்களில், காலை வேளையில் மட்டுமே இதற்கு அனுமதி உண்டு. முன்பதிவும் செய்ய வேண்டும். தீவில் இரவு தங்க முடியாது.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் எலி. கசினில் எலி கிடையாது. அங்கே நீள்வால் கொண்ட வெள்ளைக் கடற்பறவை மரத்தடியில் வெறும் தரையில் முட்டையிடுகிறது. ஷியர்வாட்டர் பறவை மண்ணுக்குள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. சினையான ஓர் எலி கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்து வந்து கரையேறினாலே போதும், சில ஆண்டுகளில் எல்லாம் பாழாகிவிடும். 1968-இல் பறவைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு இந்தத் தீவை வாங்கியபோது இது ஒரு தென்னந்தோப்பு. சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்ற சின்னஞ்சிறு பறவை அப்போது உலகத்திலேயே இங்கு மட்டும்தான், முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்தது. தென்னையைக் குறைத்துப் பழைய காட்டை மீளவிட்டார்கள். இன்று அந்தக் குருவி வேறு பல தீவுகளிலும் குடியேற்றப்பட்டு ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. அதனால் சீஷெல்ஸின் முதன்மைத் தீவான மாஹேயிலிருந்து கிளம்பும் முன் ரொட்டி, அரிசி வைத்திருக்கும் அறை, பாய் மடித்து வைக்கும் பெட்டி, கயிற்றுச் சுருள்கள் எல்லாவற்றையும் கையால் துழாவிப் பாருங்கள். எலிப் புழுக்கை ஒன்று கண்ணில் பட்டாலும் படகை வாடகைக்குக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

இனி காற்று. மாஹேயிலிருந்து, கசினுக்குப் பக்கத்திலுள்ள பிராஸ்லின் தீவு வடகிழக்கே சுமார் 45 கிலோமீட்டர். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று. எந்தப் பருவமானாலும் காற்று பக்கவாட்டில்தான் விழும், திரும்பி வரும்போதும் அப்படியே. பாய்ப்படகுக்கு இதைவிட வாகான வழி அமைவது அரிது. நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம். (அந்தத் தென்கிழக்குக் காற்றுதான் நிலநடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது. நீங்கள் ஏறப்போகும் கேட்டமரானின் பெயரும் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.)

கடல் அமைதியாக இருப்பது ஏப்ரலிலும், அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரையிலும். ஆனால் மரம் மரமாகக் கூடு கட்டும் நாடி என்ற கருநிற ஆலாக்கள் மே முதல் செப்டம்பர் வரை, காற்று பலமாக வீசும் காலத்தில்தான் குஞ்சு பொரிக்கின்றன. பறவைக்காகவே போகிறீர்கள் என்றால் என் யோசனை மே மாதத் தொடக்கம் அல்லது செப்டம்பர் கடைசி. கடலாமையும் பார்க்க விரும்பினால் நவம்பர். சீஷெல்ஸில் அழுங்காமை பட்டப்பகலிலேயே மணலேறி முட்டையிடும்.

இரவு நங்கூரத்துக்குப் பிராஸ்லினுக்கே போய்விடுங்கள். தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் அதன் வடமேற்கிலுள்ள ஆன்ஸ் லாஸியோ விரிகுடா நல்ல ஒதுக்கிடம். வடமேற்குக் காற்றில் அந்த இடம் நேராக அலை வாங்கும், அப்போது கிழக்கிலுள்ள பே சாந்த் ஆன் விரிகுடாப் பக்கம் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் நங்கூரம் போட்டு, வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள், உச்சியில் எரிய வேண்டிய நங்கூர விளக்கைத் தவிர. இளம் ஷியர்வாட்டர்கள் வெளிச்சத்தைக் கண்டு திசை தடுமாறிப் படகில் மோதி விழும்.

கசின் பிராஸ்லினுக்கு மேற்கே சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆனால் அதைச் சுற்றி இருப்பது திறந்த கடல், அலை உருண்டுகொண்டே இருக்கும். அங்கே படகை ஆளில்லாமல் விட்டு நால்வரும் இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒருவராவது படகில் இருக்க வேண்டும். நால்வருமே பார்க்க ஆசை என்றால், கேட்டமரானைப் பிராஸ்லினில் பத்திரமாக நிறுத்திவிட்டு, அங்கிருந்து புறப்படும் உள்ளூர் சுற்றுலாப் படகில் போங்கள். நான் போனபோது செய்ததும் இதுதான்.

கரையேறும் விதம் முதல்முறை பயமுறுத்தும். படகோட்டி அலையின் முதுகை எதிர்பார்த்து நிற்பார். வாகான அலை வந்ததும் இயந்திரத்தை முழு வேகத்தில் முடுக்கி மணல்மேல் நேராக ஏற்றிவிடுவார். உட்கார்ந்தபடியே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேமரா நீர்புகாப் பைக்குள் இருக்கட்டும். முழுக்கை சட்டை அணியுங்கள், காட்டுக்குள் கொசு மொய்க்கும்.

உள்ளே வழிகாட்டி காட்டும் பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள், காலடியில் வளையும் குஞ்சும் இருக்கலாம். பாதையோரக் கிளைகளைக் கண் மட்டத்தில் பாருங்கள். வெள்ளை ஆலா கூடே கட்டுவதில்லை. கிளையில் இருக்கும் ஒரு சிறு பள்ளத்தில் ஒற்றை முட்டையை அப்படியே வைத்துவிடும். பொரித்த குஞ்சு அதே இடத்தில் நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும், நீட்டாதீர்கள்.

பிசோனியா மரத்தின் பிசுபிசுத்த விதைகள் இறகில் அப்பிக்கொண்டு பறக்க முடியாமல் தரையில் கிடக்கும் பறவையைக் கண்டால் நீங்கள் தூக்க வேண்டாம், வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். அதே விதை உங்கள் உடையிலும் ஒட்டும். படகுக்குத் திரும்பும் முன் கால்சட்டை மடிப்பையும் செருப்பின் அடியையும் கரையிலேயே உதறிவிடுங்கள்.