துருப்பிடிக்காத பீரங்கி

கேள்வி: ஐயா, லாகூர் அருங்காட்சியகத்துக்கு முன்னால் நிற்கும் பழைய பீரங்கியின் படத்தை மகன் போனில் காட்டினான். எங்கட மட்டக்களப்புக் கோட்டைப் பீரங்கிகள் கறுத்துத் துருவேறிக் கிடக்க, அதில் மட்டும் துருவே இல்லையே, ஏன்?
- வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, கோட்டையில் இருப்பவை இரும்பு. வாவியின் உப்புக்காற்று அவற்றை விடாது. போன மாதமும் போய் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். செதில் செதிலாகக் கையோடு வந்தது. லாகூர்ப் பீரங்கி செம்பும் பித்தளையும் சேர்த்து வார்த்தது. பெயர் ஸம்ஸமா. செம்பு கலந்த உலோகம் நாள்பட்டால் நிறம் மங்கும், களிம்பு பிடிக்கும். இரும்பைப் போல உதிராது.

பதினான்கு அடிக்கு மேல் நீளம். வாய் 9½ அங்குல அகலம், என் கைக்கு ஒரு சாணும் இன்னும் கொஞ்சமும். ஆப்கானிய அரசர் அகமது ஷா துரானிக்காக லாகூரிலேயே வார்த்தார்கள். 1761இல் பானிப்பட்டுப் போரில் முழங்கியது. அப்புறம் சீக்கியத் தலைவர்கள் கைக்குப் போனது. 1802இல் சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் அவர்களிடமிருந்து பிடித்தார். 1818இல் முல்தான் கோட்டையை முற்றுகையிட்டபோது மதிலை உடைக்க இதை இழுத்துப் போனார்கள். அங்கே பலத்த சேதமாகி லாகூருக்குத் திரும்பியது.

சரி, அவ்வளவு செம்புக்கும் பித்தளைக்கும் எங்கே போனார்கள்? இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். லாகூரின் இந்து வீடுகளில், முஸ்லிம் அல்லாதவர்களிடம் வாங்கும் ஜிஸ்யா வரியாக வீட்டுக்கு ஒரு பாத்திரம் வாங்கி உருக்கியதாக அந்த நகரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் மொண்ட செம்பு, சோறு வடித்த பானை, எல்லாம் ஒரே உலையில். அரசர் பெயர்களை விட எனக்கு அந்த அடுப்படிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. எதைக் கொடுப்பது என்று அந்தப் பெண்கள் எப்படித் தெரிந்தெடுத்திருப்பார்கள்?

1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. விடிந்ததும் அம்மா உடுப்பைத் தேடவில்லை, பெட்டியைத் தேடவில்லை. கிணற்றடிச் சேற்றை இரண்டு கையாலும் கிளறி, சீதனமாக வந்த பித்தளைக் குடத்தை எடுத்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கழுத்தோரம் வெட்டியிருந்த அம்மம்மாவின் பெயரில் அடைந்திருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தார். மகனிடம் அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.